இன்னொரு பூமி: கண்டதும் காணாததும்

சூரியனைத் தவிர மற்ற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்களைப் புறக்கோள்கள் என்கிறார்கள். நாசா பராமரிக்கும் பட்டியலில் அவற்றின் எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000-ஐத் தாண்டியது. பூமியின் அளவை ஒத்தவை அவற்றில் பல உண்டு. பாறையால் ஆனவை உண்டு. தண்ணீர் உறையாமலும் கொதிக்காமலும் நிற்கக்கூடிய தொலைவில் தம் விண்மீனைச் சுற்றுபவையும் சில பத்துகள் தேறும். ஆனால், சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றை, ஏறத்தாழ நம் ஓர் ஆண்டுக்கு ஒருமுறை, பூமியளவுள்ள பாறைக் கோள் ஒன்று சுற்றுகிறது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லத்தக்க கண்டுபிடிப்பு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. ‘இரண்டாவது பூமி கண்டுபிடிப்பு’ என்று அடிக்கடி வரும் செய்திகளைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். இந்தக் கோள்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், அந்த வியப்பு நீங்கிவிடும்.

பிற விண்மீன்களுக்கும் கோள்கள் இருக்கும் என்ற எண்ணம் பழையது. இத்தாலியரான ஜோர்டானோ புரூனோ 1584-இலேயே அப்படி எழுதினார். அது ஊகம். அளந்து பார்த்து, கணக்குப் போட்டு, ‘இங்கே ஒரு கோள் இருக்கிறது’ என்று வாதிட்ட முதல் சிலரில் ஒருவர் சென்னையில் இருந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் நடத்திவந்த மதராஸ் வான் ஆய்வகத்தின் தலைவராக இருந்த கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்ற இரட்டை விண்மீனை ஆராய்ந்தார். நம்மிடமிருந்து 16 ஒளியாண்டுகளுக்குச் சற்று மேலான தொலைவில், ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு விண்மீன்கள் அவை. அவற்றின் பாதை கணக்குக்குச் சரியாகப் பொருந்தவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுப்பதுதான் காரணமாக இருக்கக்கூடும் என்று 1855-இல் அவர் எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவின் தாமஸ் சீ அதே விண்மீனில் மறைந்திருக்கும் மூன்றாவது பொருளைப் பற்றி மீண்டும் பேசினார். 1899-இல் ஃபாரஸ்ட் மோல்டன் என்பவர், சீ சொன்ன பாதையில் அப்படி ஒரு பொருள் நிலையாகச் சுற்றவே முடியாது என்று கணித்துக் காட்டினார். மதராஸ் ஆய்வகத்தின் பணிகளில் பெரும்பகுதி கொடைக்கானலுக்கு மாறியதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான்.

இத்தகைய பொய்த்தோற்றங்கள் இந்தத் துறையை இருபதாம் நூற்றாண்டிலும் விடவில்லை. ஆறு ஒளியாண்டு தொலைவில் உள்ள பர்னார்டு விண்மீனுக்குக் கோள் இருப்பதாக 1963-இல் பீட்டர் வான் டி காம்ப் அறிவித்தார். பல பாடநூல்களில்கூட அது ஏறியது. பத்தாண்டு கழித்துச் சரிபார்த்தபோது, அவர் கண்ட அசைவு விண்மீனுடையது அல்ல, அவருடைய தொலைநோக்கியில் செய்யப்பட்ட மாற்றங்களால் வந்தது என்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே பர்னார்டு விண்மீனுக்கு உண்மையிலேயே நான்கு சிறிய கோள்கள் இருப்பது 2025-இல் உறுதியானது. ஒவ்வொன்றும் பூமியைவிட நிறையில் மிகச் சிறியது. எல்லாமே ஏழு நாளுக்குள் தம் விண்மீனைச் சுற்றி முடிப்பவை. தண்ணீர் தங்க முடியாத அளவுக்குச் சூடானவை. வான் டி காம்ப் சொன்ன கோளுக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உறுதியான முதல் புறக்கோள்கள் யாரும் தேடாத இடத்தில் கிடைத்தன. 1992-இல் அலெக்சாண்டர் வோல்ஷ்சான், டேல் ஃப்ரெய்ல் இருவரும், வெடித்து இறந்துபோன விண்மீன் ஒன்றின் எச்சமான துடிமீனைச் சுற்றிக் கோள்கள் இருப்பதைக் காட்டினார்கள். கடும் கதிர்வீச்சு பாயும் இடம் அது. சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் கோள் 1995-இல் தென்பட்டது. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிஷெல் மேயரும் அவருடைய மாணவர் திதியே கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனில் அதைக் கண்டார்கள். வியாழனின் நிறையில் பாதி இருக்கும் அந்தக் கோள், தன் விண்மீனை நான்கே நாட்களில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய கோள் அவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் என்று அதுவரை பாடநூல்கள் எதிர்பார்க்கவில்லை. 2019-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் அந்தக் கோளைப் பார்க்கவில்லை. விண்மீனைத்தான் பார்த்தார்கள். குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துத் தட்டாமாலை சுற்றும் தகப்பன் தானும் சற்றுப் பின்னால் சாய்ந்து ஒரு சிறு வட்டம் போடுவதுபோல, கோள் சுற்றும்போது விண்மீனும் கொஞ்சம் ஆடுகிறது. நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் இம்மியளவு நகர்கிறது. இதுதான் டாப்ளர் விளைவு. இந்த நகர்வை நிறமாலைமானியால் அளந்தால் கோளின் சுற்றுக் காலமும், குறைந்தபட்சம் எவ்வளவு நிறை இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

சிக்கல் அளவில்தான் இருக்கிறது. 51 பெகாசி வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஆடியது. நம் சூரியனை வியாழன் ஆட்டுவது வினாடிக்குச் சுமார் 12 மீட்டர். பூமி ஆட்டுவதோ வினாடிக்கு வெறும் 9 சென்டிமீட்டர். எறும்பு ஊரும் வேகத்துக்குச் சற்று மேல். பல ஒளியாண்டுகளுக்கு அப்பால், கொதிக்கும் வாயுக் குமிழிகள் வினாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் மேலும் கீழுமாக எழுந்து அடங்கும் ஒரு பரப்பில், இந்த 9 சென்டிமீட்டரை ஓராண்டு தாளத்தோடு பிரித்தெடுக்க வேண்டும். சிலியில் உள்ள எஸ்பிரெஸ்ஸோ போன்ற கருவிகள் வினாடிக்குச் சில பத்து சென்டிமீட்டர் நுட்பம்வரை வந்துவிட்டன. இனித் தடையாக நிற்பது கருவியைவிட விண்மீனின் கொந்தளிப்புதான். 2010-இல் பரபரப்பாக அறிவிக்கப்பட்ட கிளீஸ் 581ஜி என்ற ‘உயிர் வாழத்தக்க’ கோள் இந்தக் கொந்தளிப்புக்குப் பலியானது. விண்மீனின் புள்ளிகள் அதன் சுழற்சியோடு வந்துபோனதே கோள்போலத் தோன்றியிருக்கிறது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டாவது வழி இடைநகர்வு. 2012 ஜூன் 6 காலையில் சூரியனின் முகத்தில் கரும்புள்ளியாக வெள்ளி கடந்துபோனதைப் பாதுகாப்புக் கண்ணாடி வழியே பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்போது சூரிய ஒளியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மறைந்தது. வெள்ளி நமக்கு அருகில் இருந்ததால்தான் அவ்வளவு. வேறொரு விண்மீனிலிருந்து யாரேனும் பார்த்தால், பூமி சூரியனைக் கடக்கும்போது மறைக்கும் ஒளி 12,000-இல் ஒரு பங்கு. ஆண்டுக்கு ஒரே முறை, 13 மணி நேரம் இந்த மங்கல் நீடிக்கும். அதுவும் பார்ப்பவர், பூமி, சூரியன் மூன்றும் ஒரே கோட்டில் அமைந்தால் மட்டுமே. அப்படி அமையும் வாய்ப்பு 200-இல் ஒன்று. ஆகவே, இந்த முறையில் ஒரு பூமி சிக்கினால், சிக்காமல் நழுவிய பூமிகள் ஏறக்குறைய இருநூறு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எத்தனை கோள்கள் இருக்கும் என்ற மதிப்பீடுகள் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன.

இந்தக் கணக்கை மனதில் வைத்து ஒரு விண்கலத்தைக் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் நாசாவின் வில்லியம் போருக்கி. அவருடைய திட்டம் 1990-களில் நான்கு முறை நிராகரிக்கப்பட்டது. இவ்வளவு நுட்பமாக ஒளியை அளக்க முடியாது என்றார்கள். ஆய்வகத்தில் அளந்து காட்டினார். ஆயிரக்கணக்கான விண்மீன்களை ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது என்றார்கள்; அதையும் செய்து காட்டினார். 2001-இல் ஒப்புதல் கிடைத்தது. 2009 மார்ச்சில் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி புறப்பட்டது. சிக்னஸ், லைரா விண்மீன் குழுக்களின் பக்கமாக வானின் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் கண்கொட்டாமல் நான்கு ஆண்டுகள் அது பார்த்தது.

கெப்ளரின் குறியே சூரியனைப் போன்ற விண்மீனும் பூமியைப் போன்ற கோளும்தான். ஒரு மங்கல் தற்செயலாக இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். மூன்றாவது முறையும் அதே இடைவெளியில் வந்தால்தான் கோள். ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் கோளுக்கு அதற்கே மூன்று ஆண்டுகள் பிடிக்கும். மூன்றரை ஆண்டு போதும் என்றுதான் திட்டமிட்டார்கள். மேலே போன பிறகு ஓர் எதிர்பாராத செய்தி: சூரியனை ஒத்த விண்மீன்களில் பல, சூரியனைவிடக் கூடுதலாக ஒளி ஏற்ற இறக்கம் காட்டின. நம் சூரியன் சற்று அமைதியான பேர்வழி என்பது அப்போதுதான் துலங்கியது. அந்த இரைச்சலுக்கு நடுவே 12,000-இல் ஒரு பங்கு மங்கலைப் பிரித்தறிய இன்னும் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2012-இல் திட்டம் நீட்டிக்கப்பட்டது. 2013 மே மாதத்தில் கலத்தை அசையாமல் நிறுத்தும் சுழல் சக்கரங்களில் இரண்டாவதும் பழுதானது. நான்கில் மூன்றேனும் ஓடினால்தான் துல்லியமாகக் குறி வைக்க முடியும். அத்தோடு முதல் தேடல் நின்றது. பிறகு வேறு வகையில் 2018 அக்டோபர்வரை கெப்ளர் உழைத்து, மொத்தம் 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டது. தன் முதன்மை இலக்கை மட்டும் அது எட்டவில்லை. சூரியனைச் சுற்றும் பூமியின் நேர் நகல் பட்டியலில் இல்லாததற்கு முக்கியக் காரணம் அது வானில் இல்லை என்பதல்ல, அதைப் பிடிக்கும் அளவுக்கு நாம் இன்னும் பார்க்கவில்லை என்பதே.

ஆனாலும் கெப்ளர் தந்தது சிறிதல்ல. சராசரியாக ஒரு விண்மீனுக்கு ஒரு கோளாவது உண்டு என்பதை அது நிலைநாட்டியது. பெரிய கோள்களைவிடச் சிறிய கோள்களே அதிகம் என்பதும் தெரிந்தது. மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் வகை பூமியைவிடப் பெரிதாகவும் நெப்டியூனைவிடச் சிறிதாகவும் இருக்கிறது. அந்த வகை நம் சூரியக் குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை. சூரியனைப் போன்ற விண்மீன்களில் எத்தனைக்குத் தண்ணீர் தங்கும் தொலைவில் பாறைக் கோள் இருக்கும் என்ற கேள்விக்கு விடைகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. 2013-இல் ஒரு குழு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல் என்றது. 2020-இல் கெப்ளரின் முழுத் தரவையும் வைத்துக் கணித்த குழு ஏறத்தாழ பாதிக்கு உண்டு என்றது. பால்வீதியில் அத்தகைய கோள்கள் 30 கோடியாவது இருக்கலாம் என்பது அதன் எளிய மதிப்பீடு. நீண்ட சுற்றுக் காலம் கொண்ட கோள்கள் சிக்காததால், குறுகிய காலக் கோள்களை வைத்து இழுத்து நீட்டிய கணக்கு இது. இலக்கத்தை நம்புவதைவிட அதன் அளவை மட்டும் நம்புவது பொருத்தம்: நூறுகளில் அல்ல, கோடிகளில்.

தண்ணீர் தங்கும் தொலைவு என்பதை வானியலார் வாழத்தகு மண்டலம் என்கிறார்கள். விண்மீனுக்கு மிக அருகில் இருந்தால் கடல் ஆவியாகிவிடும்; மிகத் தள்ளியிருந்தால் உறைந்துவிடும். இடையில் உள்ள வளையமே அந்த மண்டலம். இந்தியாவில் பிறந்த ரவி குமார் கொப்பரப்புவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2013-இல் செய்த கணிப்பின்படி, நம் சூரியனுக்கு இந்த வளையம் பூமி–சூரியன் தொலைவின் 0.99 மடங்கில் தொடங்கி ஏறத்தாழ 1.7 மடங்கில் முடிகிறது. பூமி அதன் உள்விளிம்பை ஒட்டி நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் நடுநாயகமாக வீற்றிருக்கவில்லை. மேகங்களின் பங்கைச் சேர்த்துக் கணித்தால் இந்த எல்லை சற்று உள்ளே நகரும் என்பது வேறு விஷயம்.

வளையத்துக்குள்ளோ அதன் அருகிலோ இருப்பதாலேயே ஒரு கோள் பூமியாகிவிடாது. இதற்குச் சான்று தேடி வெளியே போக வேண்டியதில்லை. வெள்ளியின் விட்டம் பூமியின் விட்டத்தில் 95 விழுக்காடு. நிறை 81 விழுக்காடு. பாறைக் கோள், காற்று மண்டலம் உண்டு, சூரியனைப் போன்ற விண்மீன். தொலைவில் இருந்து கெப்ளர் போன்ற கருவியால் பார்த்தால் ‘பூமியின் உடன்பிறப்பு’ என்று அறிவித்துவிடுவார்கள். தரையிலோ வெப்பம் 460 டிகிரி செல்சியசுக்கு மேல். காற்றழுத்தம் பூமியைப்போல் 90 மடங்கு. காற்றில் 96 விழுக்காடு கரியமிலவாயு. மறுபுறம் செவ்வாய், கொப்பரப்பு கணக்கின்படி வளையத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது சிறியது. காற்றைப் பிடித்து வைக்கும் ஈர்ப்பு போதவில்லை, உட்கருவின் காந்தப்புலமும் வெகு காலத்துக்கு முன்பே அணைந்துவிட்டது. ஆறுகள் ஓடிய தடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரே சூரியக் குடும்பத்தில், வாழத்தகு மண்டலத்தின் உள்ளும் அருகிலுமாக மூன்று பாறைக் கோள்கள் இருந்தும் கடல் நிலைத்தது ஒன்றில்தான்.

இதுவரை வாழத்தகு மண்டலத்தில் கிடைத்த பூமியளவுக் கோள்களில் பெரும்பாலானவை சூரியனைப் போன்ற விண்மீன்களைச் சுற்றுபவை அல்ல. சிவப்புக் குள்ள விண்மீன்களைச் சுற்றுபவை. பால்வீதியின் விண்மீன்களில் நான்கில் மூன்று இந்த வகையே. சிறியவை, மங்கலானவை, வெகு நீண்ட ஆயுள் கொண்டவை. விண்மீன் சிறியது என்பதால் கோள் மறைக்கும் பங்கு கூடுகிறது. மங்கலானது என்பதால் வாழத்தகு மண்டலம் நெருங்கி வருகிறது. நெருங்கினால் சுற்றுக் காலம் நாட்களாகக் குறைகிறது. தேடுபவர்களுக்கு மூன்றும் வசதி. அதனால்தான் கண்டுபிடிப்புகள் அங்கேயே குவிகின்றன. 2014-இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர் 186எஃப், வாழத்தகு மண்டலத்தில் கிடைத்த முதல் பூமியளவுக் கோள். அதன் விண்மீனும் இந்த வகைதான்.

மே மாத இரவுகளில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தெற்கு வானில் தாழ்வாக ஆல்ஃபா சென்டாரி பளிச்சென்று தெரியும். அதன் துணையான பிராக்ஸிமா சென்டாரி வெறும் கண்ணுக்குத் தெரியாத சிவப்புக் குள்ளன். சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டில் உள்ள விண்மீன். 2016 ஆகஸ்டில் அதற்கு ஒரு கோள் இருப்பதாக கியெம் அங்கலாடா எஸ்குதே தலைமையிலான குழு அறிவித்தது. நிறை குறைந்தபட்சம் பூமியளவு. சுற்றுக் காலம் 11 நாட்களுக்குச் சற்று மேல். பக்கத்து வீட்டிலேயே ஒரு பூமி என்று உலகமே பேசியது. ஆனால் பிராக்ஸிமா அடிக்கடி சீறும் விண்மீன். 2019-இல் பதிவான ஒரு சீற்றத்தில், சில வினாடிகளுக்குள் அதன் புற ஊதா ஒளி ஆயிரக்கணக்கான மடங்கு எகிறியது. அந்தக் கோள் விண்மீனிலிருந்து சுமார் 75 லட்சம் கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது, பூமி சூரியனிலிருந்து 15 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் சுற்றும் கோள்கள், நிலவு பூமிக்கு ஒரே முகம் காட்டுவதுபோல, விண்மீனுக்கு ஒரே பக்கத்தைக் காட்டி நின்றுவிடக்கூடும். ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் ஓயாத இரவு. போதுமான காற்று இருந்தால் வெப்பம் பரவி, கடல் பிழைத்திருக்கலாம் என்கின்றன கணினி மாதிரிகள். காற்று இருக்கிறதா என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்கத் தோதான இடம் டிராப்பிஸ்ட் 1. பெல்ஜியத்தின் மிஷேல் கியோன் குழு 2017 பிப்ரவரியில் அறிவித்த இந்த அமைப்பு 40 ஒளியாண்டுகளில் உள்ளது. விண்மீன் வியாழனைவிடச் சற்றே பெரியது. அதைச் சுற்றி ஏழு பாறைக் கோள்கள். உட்கோள் ஒன்றரை நாளிலும் வெளிக்கோள் 19 நாட்களுக்குள்ளும் சுற்றி முடிக்கின்றன. ஏழுமே நம் இடத்திலிருந்து பார்க்கும்போது விண்மீனைக் கடந்துசெல்கின்றன. நான்காவதான ‘ஈ’ கோள் பூமியின் விட்டத்தில் 92 விழுக்காடு. ஆறு நாளில் ஒரு சுற்று. சூரியனிடமிருந்து பூமி பெறும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கை அது பெறுகிறது. ஒவ்வொரு கடப்பும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நீடித்து, விண்மீனின் ஒளியில் 200-இல் ஒரு பங்கை மறைக்கிறது. பூமி சூரியனை மறைக்கும் 12,000-இல் ஒரு பங்கோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு எளிது என்று புரியும்.

2021 இறுதியில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இங்கே பல நாட்களைச் செலவிட்டிருக்கிறது. முதலில் மிக உள்ளே இருக்கும் ‘பி’ கோள். விண்மீனுக்குப் பின்னால் அது மறையும்போது குறையும் அகச்சிவப்பு ஒளியை அளந்தார்கள். பகல் பக்கத்தின் வெப்பம் சுமார் 230 டிகிரி செல்சியஸ். வெப்பத்தை இரவுப் பக்கத்துக்குக் கொண்டுசெல்லக் காற்று இருந்தால் இவ்வளவு சூடு இருக்காது. ஆகவே குறிப்பிடத்தக்க காற்று இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த ‘சி’ கோளிலும் வெள்ளியைப் போன்ற தடித்த கரியமிலவாயுப் போர்வை இல்லை. ‘டி’ கோளில் பூமியை ஒத்த காற்று தென்படவில்லை என்று 2025-இல் தெரிவித்தார்கள். ‘ஈ’ கோளின் முதல் அளவீடுகளும் அதே ஆண்டு வந்தன. காற்று உண்டு என்றோ இல்லை என்றோ அவற்றை வைத்து முடிவு கட்ட முடியவில்லை. இடைஞ்சல் விண்மீன்தான். அதன் முகத்தில் உள்ள குளிர்ந்த புள்ளிகளிலேயே நீராவி இருப்பதால், நிறமாலையில் தெரியும் தடம் கோளுடையதா விண்மீனுடையதா என்று பிரிப்பது பெரும்பாடு. சிவப்புக் குள்ளர்களின் கோள்கள் காற்றைத் தக்கவைக்குமா என்ற ஒரே கேள்விக்காகவே வெப் தொலைநோக்கியின் 500 மணி நேரம் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. விடை ‘இல்லை’ என்று வந்தால், பட்டியலில் உள்ள ‘இரண்டாவது பூமி’களில் பெரும்பகுதி ஒரே அடியில் கழிந்துவிடும்.

வேறொரு வகைக் கோளைப் பற்றியும் பேச்சு அதிகம். 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி, பூமியைப்போல் 2.6 மடங்கு விட்டமும் எட்டு மடங்குக்கு மேல் நிறையும் கொண்டது. அதன் காற்றில் மீத்தேனும் கரியமிலவாயுவும் இருப்பதை வெப் 2023-இல் காட்டியது. கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் டைமெத்தில் சல்பைடு என்ற வாயுவின் அறிகுறி இருப்பதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. அதே தரவை வேறு குழுக்கள் வேறு முறையில் ஆராய்ந்தபோது அந்த அறிகுறி கரைந்துபோனது. உயிர் இல்லாத வால்மீனிலும் இந்த வாயு காணப்பட்டிருக்கிறது. எப்படியானாலும், பூமியைப்போல் 1.6 மடங்குக்கு மேல் விட்டம் உள்ள கோள்களில் பெரும்பாலானவை கால் ஊன்றத் தரை இல்லாமல் தடித்த வாயுவோ நீரோ போர்த்தியவை. கே2-18பி-யை இன்னொரு பூமி என்று அழைப்பதற்கு இடமே இல்லை. 2015-இல் ‘பூமியின் பங்காளி’ என்று கொண்டாடப்பட்ட கெப்ளர் 452பி-கூட இந்த எல்லையில்தான் நிற்கிறது. விண்மீன் சூரியனை ஒத்தது, ஆண்டு 385 நாட்கள், விட்டமோ 1.6 மடங்கு. கிடைத்த மங்கல்கள் கருவியின் இரைச்சலாகவும் இருக்கலாம் என்று பின்னாளில் கெப்ளர் தரவை ஆராய்ந்தவர்களே எச்சரித்தார்கள்.

உண்மையான பூமி ஒன்று தொலைவில் தென்பட்டால் எப்படி அடையாளம் காண்பது? இதை நம் பூமியிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வியாழனுக்குப் போகும் வழியில் கலிலியோ விண்கலம் 1990 டிசம்பரில் பூமியைக் கடந்தது. கார்ல் சேகனும் கூட்டாளிகளும், எதுவும் தெரியாத கோள்போலப் பாவித்துப் பூமியை அதன் கருவிகளால் ஆராய்ந்தார்கள். காற்றில் ஏராளமான ஆக்ஸிஜன் தெரிந்தது, அதோடு மீத்தேனும். இந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்பவை. இரண்டும் சேர்ந்து நிலைக்க வேண்டுமானால் யாரோ, எதுவோ ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டிருக்க வேண்டும். நிலப்பரப்பில் பச்சையம் விழுங்கும் சிவப்பு ஒளியின் தடமும் பதிவானது. இன்றும் உயிர்த்தடம் தேடுபவர்களுக்கு அந்த ஆய்வுதான் அடிப்படை.

அதில் ஒரு பொறி இருக்கிறது. பூமிக்கு வயது 454 கோடி ஆண்டுகள். காற்றில் ஆக்ஸிஜன் குறிப்பிடத்தக்க அளவு சேரத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கு முந்தைய நீண்ட காலம் கடலில் நுண்ணுயிர்கள் வாழ்ந்திருந்தும், வெளியிலிருந்து ஆக்ஸிஜனைத் தேடியவருக்குப் பூமி உயிரற்றதாகவே பட்டிருக்கும். நேர்மாறாக, சிவப்புக் குள்ளனின் புற ஊதா ஒளி நீராவியைப் பிளந்து, உயிரே இல்லாத கோளிலும் ஆக்ஸிஜனைக் குவிக்க முடியும். ஒற்றை வாயுவைப் பார்த்து முடிவுகட்டுவது ஆபத்து. எரிமலை உமிழும் கரியமிலவாயுவை மழையும் பாறையும் கடலும் மெல்ல உறிஞ்சி, நிலத்தட்டுகள் மீண்டும் உள்ளே இழுத்துச் செல்லும் சுழற்சிதான் பூமியின் வெப்பநிலையைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஓர் எல்லைக்குள் வைத்திருக்கிறது. தொலைதூரக் கோளில் அது நடக்கிறதா என்று பார்க்க இப்போதைக்கு எந்த வழியும் இல்லை.

போய்ப் பார்ப்பதும் நடக்கிற காரியமல்ல. வினாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் விரையும் வாயேஜர் 1 விண்கலம், பிராக்ஸிமாவின் தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ‘இந்தப் பூமி போனால் இன்னொன்று’ என்ற பேச்சுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

எனவே இனிவரும் முயற்சிகள் எல்லாம் பார்வையைக் கூர்மையாக்குபவை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் பிளேட்டோ, 26 கேமராக்களோடு கெப்ளர் விட்ட இடத்தில் தொடங்கவிருக்கிறது. நமக்கு அருகில் உள்ள, பளிச்சென்று ஒளிரும், சூரியனை ஒத்த விண்மீன்களே அதன் குறி. அதனால் அது காணும் கோள்களின் நிறையைத் தரையிலிருந்தும் அளக்க முடியும். சிலியின் அர்மசோனெஸ் மலையில் 39 மீட்டர் ஆடியோடு எழுந்துவரும் தொலைநோக்கி, அருகிலுள்ள சில கோள்களின் காற்றை நேரடியாகச் சோதிக்க முயலும். இவற்றுக்கு அடுத்தது நாசா 2040-களுக்குத் திட்டமிடும் ‘வாழத்தகு உலகங்கள்’ தொலைநோக்கி. விண்மீனின் ஒளியை மறைத்து, அதைவிட 1,000 கோடி மடங்கு மங்கலான பூமியைத் தனிப் புள்ளியாகப் படமெடுத்து, அந்தப் புள்ளியின் நிறமாலையைப் பிரிப்பதே அதன் வேலை.

அந்தத் தொலைநோக்கிக்கு அமெரிக்க வானியலார் வகுத்த இலக்கு, அருகிலுள்ள விண்மீன்களைச் சுற்றும் வாழத்தக்க கோள்களில் சுமார் 25-ஐ ஆராய்வது. எண் குறைவாகத் தோன்றலாம். ஆனால் யோசித்து வைத்த எண்தான். 25-இல் ஒன்றிலும் உயிர்த்தடம் கிடைக்காவிட்டால், அத்தகைய கோள்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் அந்தத் தடத்தைக் காட்ட வாய்ப்பு மிகக் குறைவு என்று கணக்கோடு சொல்லிவிடலாம். ஒன்றே ஒன்றில் கிடைத்தாலும், பூமி தனியாக இல்லை என்று சொல்ல அது போதும்.